வேப்பிலை வைக்கலாம், குளிசை நிற்கக் கூடாது

கொரோனாக் காலத்தில் ஒருநாள் காலை, முன்பு என்னோடு வேலை செய்த தாதி ஒருத்தி என் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். இப்போது அவள் மன்னார்த் தீவில் ஒரு வார்டுக்குப் பொறுப்பானவள். ஓய்வு பெற்றவர்களுக்கு வழக்கமாக வருவது ரோசாப்பூவும் காலை வணக்கமும்தான். இது வேறு. உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் மட்டை. ஓரங்கள் கறுத்து, பெயர் எழுதிய இடம் வியர்வையில் அழிந்து போயிருந்தது. மிச்ச எழுத்து என்னுடையது.

அடுத்த நிமிடம் அவளே அழைத்தாள்.

"அக்கா, இது உங்கட எழுத்துத்தானே?"

"ஓம், என்ரதான். எங்க கிடந்தது?"

"காய்ச்சலோட வந்த ஒரு அம்மா கழுத்தால கழட்டித் தந்தவா. எல்லாம் விளங்குது. கடைசி வரிதான் விளங்கேல்லை. ஆஸ்பத்திரி அட்டையில ஆராவது வேப்பிலை வைக்கலாம் எண்டு எழுதுவினமே?"

நான் எழுதினேன். ஒன்றல்ல, அறுபது எழுபது அட்டைகளில் எழுதினேன். அதற்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டாள். எனக்கு வாய் நீளம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் நிற்காது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நான் மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மன்னாரின் பெருநிலப் பக்கம் வந்து, காடு வெட்டிக் குடியேறியது. அப்பாவும் அம்மாவும் வயலில் நாட்கூலி. நான் முட்டி மோதிப் படித்துத் தாதியானேன். மூன்று வருடப் பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கவும், பசிக்கிற நேரத்தில் பசிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளவும் பழக்கிவிட்டார்கள். மிச்சத்தை எல்லாம் தீவிலிருந்த ஆஸ்பத்திரியும் அங்கிருந்த டொக்டரும் கற்றுத் தந்தார்கள்.

டொக்டர் ஒல்லியான மனிதர். தச்சனைப் போலக் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெல்லப் பேசத் தொடங்கினால் நாங்கள் எங்கள் பிழையைத் தேடத் தொடங்குவோம். நோயாளிக்கு எதைச் சொன்னாலும் முடிவில், "இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்பார். வரிசையில் நூறு பேர் நின்றாலும் விடமாட்டார். எனக்கு ஆரம்பத்தில் இது வீண் வேலையாகப் பட்டது. பள்ளிக்கூடமா நடத்துகிறோம் என்று முணுமுணுத்திருக்கிறேன்.

ஒருமுறை அகதி முகாமிலிருந்து வந்த ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளையும் குளிசை, அதாவது மாத்திரை, எடுக்கச் சொல்லியிருந்தோம். டொக்டர் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கோணும், ஐயா. எடுக்கிறனான்தான்" என்றார் அவர்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் சாப்பிடுறனீங்கள்?"

"ஒருக்கா, ஐயா."

முகாமில் ஒரு வேளைதான் சாப்பாடு. அதனால் குளிசையும் ஒரு வேளைதான். அன்றைக்கு என் முணுமுணுப்பு நின்றது. ஆனால் நின்றது முணுமுணுப்பு மட்டும்தான் என்பது பிலோமினாவின் விஷயத்தில் தெரிந்தது.

பிலோமினாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அரிப்பு என்ற கரையூரிலிருந்து இடம்பெயர்ந்து, கணவன், மூன்று வயது மகள், மாமியார் திரேசம்மா ஆகியோருடன் தீவில் தாராபுரம் போகும் வழியில் ஒரு உறவினரின் வளவில் கொட்டில் போட்டிருந்தாள். கணவன் கடலுக்குப் போகிறவன். யுத்த காலம் அது, கடலுக்குப் போக ஆமி அனுமதித்த நாட்களில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு லூபஸ் என்ற வருத்தம். வீட்டைக் காக்க வைத்த காவற்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடித்தால் எப்படி இருக்கும்? லூபஸில் அதுதான் நடக்கிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அவள் முதல் தடவை வந்தபோது கன்னமெல்லாம் சிவந்து, கால் வீங்கி, விரல் மடக்க முடியாமல் இருந்தாள். டொக்டர் பிரெட்னிசோலோன் தொடங்கினார். காலையில் சாப்பிட்டதும் நான்கு குளிசைகள். இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு நடந்து வந்தாள். அன்று எனக்கு வந்த சந்தோசம் இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் குளிசை காவற்காரனை அடக்கி வைக்கும். அதனால் கிருமி உள்ளே வருவது சுலபமாகும். வேறொரு சங்கதியும் உண்டு. இதே சத்தை உடம்பு தானாகவே கொஞ்சம் சுரக்கிறது. காய்ச்சல், காயம் என்று ஆபத்து வரும்போது அதை அதிகமாகச் சுரந்துதான் இரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்கிறது. மாதக்கணக்காகக் குளிசையில் அதைக் கொடுத்துவந்தால் உடம்பு தன் வேலையை மறந்துவிடும். திடீரென்று குளிசையை நிறுத்தினால் வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை. ஆள் அப்படியே சரிந்துவிடுவார். அதிலும் காய்ச்சல் நேரத்தில் நிறுத்தினால் சொல்லவே வேண்டாம்.

இந்த இரண்டையும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை பரவத் தொடங்கிய வாரம் அது. டொக்டர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கிளினிக் முழுவதும் என் தலையில். வெளியே சனம், பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்று எல்லாருக்கும் அவசரம்.

"இந்தக் குளிசை உங்கட உடம்பின்ர காவலைக் குறைக்கும், பிலோமினா. கொப்பளிப்பான் வந்த பிள்ளையளிட்டக் கிட்டப் போகாதேங்கோ" என்றேன்.

"ஓம், மிசி" என்று தலையாட்டினாள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை அப்படித்தான் அழைப்பார்கள். குளிசையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சத்தை நான் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லவும் கேட்கவில்லை. அரைக்கிணறு தாண்டிவிட்டு அக்கரைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவள் வரவில்லை. பிலோமினா கிளினிக்கைத் தவறவிடுகிறவள் அல்ல. பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி பிள்ளைக்கு மருந்தெடுக்க வந்திருந்தாள். அவளிடம் விசாரித்தேன்.

"அவைக்கு அம்மாள் வருத்தம், மிசி. முதல்ல பிள்ளைக்கு வந்தது. பிள்ளைக்கு மாறீற்றுது. இப்ப தாய்க்கு."

கொப்பளிப்பானுக்கு அங்கே அம்மாள் வருத்தம் என்று பெயர். எங்கள் லயத்தில் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்போம். பெயர்தான் வேறு, முறை ஒன்று. வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்நியர் உள்ளே வரக் கூடாது. தண்ணீர் வார்க்கும்வரை வீட்டில் எந்த மருந்தும் தொடக் கூடாது, ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது. எனக்குப் பத்து வயதில் வந்தபோது என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். என் நெற்றியில் இன்னும் இரண்டு வடு இருக்கிறது. எந்த மருந்தும் தொடக் கூடாது என்ற வார்த்தை நினைவுக்கு வந்ததும் பிலோமினாவின் குளிசைதான் என் கண்ணில் நின்றது. இந்த வழக்கம் தெரியாத வெளியூர் மிசி செய்திருந்தாலும் பரவாயில்லை. நான் அந்த வேப்பிலையில் படுத்து எழும்பியவள்.

பகல் இரண்டு மணிக்கு, பிரஷர் பார்க்கிற கருவியைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஆறு மணிக்கு ஊரடங்கு.

வளவின் படலையில் வேப்பங்குழை தொங்கியது. திரேசம்மா கொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார். முகம் வாடியிருந்தது. மருமகளுக்காக அவரும் ஐந்து நாளாக உப்பில்லாக் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார்.

"குறை நினையாதேங்கோ, மிசி. அம்மாள் வந்த வீடு. உள்ள வரப்படாது. செபஸ்தியாருக்கு நேர்ந்திருக்கிறன். அவர் பாத்துக்கொள்ளுவார்."

வேப்பிலையும் கத்தோலிக்கப் புனிதர் செபஸ்தியாரும் ஒரே கூரைக்குள் இருப்பது எங்கள் கரையில் புதினமல்ல.

"நான் கால் கழுவிப்போட்டு வாறன், அம்மா. எனக்கும் அம்மாள் வந்தது. இங்க பாருங்கோ" என்று நெற்றி வடுவைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் கை தாழ்ந்தது. என் தாதிச் சான்றிதழ் செய்யாத வேலையை அந்த வடு செய்தது.

உள்ளே பிலோமினா வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். உடம்பு முழுவதும் நீர்க்கொப்பளம். கண் திறக்க நேரமெடுத்தது. காலையிலிருந்து நான்கு தடவை சத்தி, அதாவது வாந்தி, எடுத்திருந்தாள். பிரஷர் எழுபது. கீழ் அளவு எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை பார்த்தேன், அதே எழுபது. கொப்பளிப்பான் மட்டும் இப்படிச் செய்யாது. செபஸ்தியார் படத்துக்குக் கீழே ஒரு பால்மாத் தகர ரின் இருந்தது. திறந்து குளிசைகளை எண்ணினேன். ஐந்து நாட்களுக்குரிய இருபது குளிசைகள் கூடுதலாக இருந்தன.

"ஏன் அம்மா குடுக்கேல்லை?" என்று திரேசம்மாவிடம் சத்தம் போட்டேன்.

அவர் பதில் சொல்லுமுன் பிலோமினா வாய் திறந்தாள். "மாமியை ஏசாதேங்கோ, மிசி. நான்தான் விட்டனான். நீங்கள்தானே சொன்னனீங்கள், அது காவலைக் குறைக்குமெண்டு. அம்மாள் வந்த நேரம் உடம்புக்குக் காவல் வேணுமெல்லோ?"

அவள் மூடத்தனமாக எதுவும் செய்யவில்லை. நான் சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டு, சரியாக யோசித்து, தவறான இடத்துக்குப் போயிருந்தாள். வழியைக் காட்டியவள் நான். அழ நேரமில்லை.

திரேசம்மா ஆஸ்பத்திரிக்கு மறுத்தார். தண்ணீர் வார்க்காமல் வாசல் தாண்டினால் அம்மாள் கோபிப்பாள் என்றார். அவரோடு வாதாடி வெல்ல முடியாது என்று தெரியும், என் அம்மாவோடு வாதாடிப் பார்த்தவள் நான். அதனால் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"அம்மாள் வந்தவுடன கஞ்சியை நிப்பாட்டினனீங்களோ?"

"அதெப்பிடி நிப்பாட்டுறது? கஞ்சி இல்லாமல் ஆள் இருக்குமோ?"

"இந்தக் குளிசையும் இவவுக்குக் கஞ்சி மாதிரி. அம்மாளுக்கு எதிரா நான் ஒரு மருந்தும் கொண்டு வரேல்லை. முந்தியே சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நிப்பாட்டிப்போட்டம். ஐஞ்சு நாளாப் பிள்ளை பட்டினி, அம்மா."

அவர் பிலோமினாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு வேப்பிலைக் கொத்து ஒன்றை முறித்து மடியில் செருகிக்கொண்டு, "அப்ப நானும் வாறன். வேப்பிலையும் வரும்" என்றார்.

பக்கத்து வளவில் மீன் பெட்டி ஏற்றுகிற லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரம் ஒன்று நின்றது. அதன் பெட்டியில் பாயை விரித்துப் பிலோமினாவைக் கிடத்தினோம். வழியில் சென்ரிக் காவலரணில் ஆமிக்காரர் மறித்தார்கள். வழக்கமாக இறக்கி, உதறி, அடையாள அட்டை பார்த்துத்தான் விடுவார்கள். அதற்கு அரை மணி நேரமாவது போகும். ஒரு இளம் ஆமிக்காரன் கிட்ட வந்து, பாயில் கிடந்த வேப்பிலையையும் பிலோமினாவின் முகத்தையும் பார்த்தான். சட்டென்று ஓரடி பின்னால் வைத்தான்.

"தெய்யன்கே லெடே" என்றான் மற்றவனிடம். சிங்களத்தில் தெய்வத்தின் வருத்தம் என்று அர்த்தம். அவர்கள் ஊரிலும் இதற்கு அதுதான் பெயர். தடையை அவனே ஓடிப்போய்த் தூக்கினான். யுத்த காலம் முழுவதிலும் நான் கேட்காமல் சென்ரி திறந்தது அந்த ஒரு தடவைதான்.

டொக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். ஹைட்ரோகோர்ட்டிசோன் நூறு மில்லிகிராம் நாளத்தில், இன்னொரு கையில் சேலைன் வேகமாக, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி திரும்பவும். ஒரு மணி நேரத்தில் பிரஷர் தொண்ணூறுக்கு ஏறியது. பிலோமினா கண்ணைத் திறந்து மகளைக் கேட்டாள். அதன் பிறகுதான் டொக்டர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"என்ன சொல்லி அனுப்பினனீங்கள்? சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

சொன்னேன். ஒரு சொல் மாற்றவில்லை.

"மிச்சம்?"

"மிச்சம் சொல்லேல்லை, டொக்டர்."

"திருப்பிக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

காதிலிருந்த பென்சிலை எடுத்து, நோயாளியின் குறிப்பேட்டில் நான் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே எழுதினார். கீழே, 'போதவில்லை' என்று எழுதினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

உயிர் தப்பியது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் இருமல் தொடங்கி, மூச்சு வாங்கியது. கொப்பளிப்பான் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் இடி. ஊசியை நிறுத்தினால் பிரஷர் விழும். தொடர்ந்தால், காவல் குறைந்த உடம்பில் வைரஸ் பெருகும். நடுவில் ஒரே வழி, வைரஸை நேராக அடிக்கிற அசைக்ளோவிர். அது எங்கள் மருந்து அறையில் இல்லை. யுத்தத்தால் அடிக்கடி மூடிவிடும் பாதை அந்த வாரம் திறந்திருந்தது. டொக்டர் அனுராதபுரத்தில் இருந்த தன் நண்பருக்கு ஒரு கடிதமும், வழியில் மறிப்பவர்களுக்கு மூன்று மொழிகளில் ஒரு கடிதமும் எழுதி முத்திரை குத்தினார். பிலோமினாவின் கணவன் அதை வாங்கிக்கொண்டு மீன் லொறியில் ஏறினான்.

அவன் திரும்பும்வரை அவளைப் பழைய களஞ்சிய அறையில் தனியாக வைத்தோம். வார்டில் கர்ப்பிணிகளும், இதே குளிசை எடுக்கிறவர்களும் இருந்தார்கள். நான் ஒவ்வொரு ஊழியராக, "உங்களுக்கு அம்மாள் வந்ததோ?" என்று கேட்டு, வந்தவர்களை மட்டும் அந்த அறைக்கு விட்டேன். தரையைத் துடைக்கிறவருக்கும் அதே சட்டம். திரேசம்மா கட்டிலைச் சுற்றி வேப்பிலை கட்டத் தொடங்கினார். நான் தடுக்கப் போனேன். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேப்பிலை வைக்கட்டும், மிசி. அதால இவவுக்கு ஒரு குறையும் வராது. மாமி பக்கத்தில இருந்தா இவ கஞ்சி குடிப்பா. எங்களுக்குக் குளிசை நிக்காமல் இருந்தாச் சரி."

மறுநாள் மத்தியானம் லொறி வந்தது. மருந்து ஐஸ் பெட்டிக்கு மேல், பொலித்தீனில் சுற்றி, கட்டாப்பாறை மீன் மணத்தோடு வந்து சேர்ந்தது. எங்களுக்குத் தேவைப்பட்ட ஊசி மருந்து கிடைக்கவில்லை, சின்னக் குளிசைகள்தான். நான்கு நான்காக, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பொடித்துக் கஞ்சித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். சுவரில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்த ஒவ்வொரு வேளைக்கும் நேரமும் கையெழுத்தும். எழுதப் படிக்கத் தெரியாத திரேசம்மா தானும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வேளைக்கு ஒரு வேப்பிலை ஈர்க்கு யன்னலில் செருகுவார். ஒருநாள் இரவு நான் போக, "மிசி, இண்டைக்கு நாலு ஈர்க்குத்தான் நிக்குது" என்றார். தாளைப் பார்த்தேன். அவர் சரி. முறை மாறும்போது நாங்கள் ஒரு வேளையைத் தவறவிட்டிருந்தோம். மருந்தே கூடாதென்று வாசலை மறித்த மனுசி அவர்!

ஆறாம் நாள் மூச்சு வாங்குவது தணிந்தது. கொப்பளம் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஊசியிலிருந்து குளிசைக்கு மாறினோம். வீட்டுக்கு விடும் நாளில் திரேசம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை ஆஸ்பத்திரிக் கிணற்றடியிலேயே மருமகளுக்கு வார்த்தார். டொக்டர் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரிப் போனார்.

அன்று பகலே எக்ஸ்ரே படம் வருகிற மஞ்சள் மட்டையை வெட்டி, என்னை எழுத வைத்தார். சொல்லும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றார். ஏழு தடவை எழுதினேன், ஆறு தடவை பென்சிலால் கீறினார். கடைசியில் நின்றது இதுதான்:

'நான் பிரெட்னிசோலோன் குளிசை எடுக்கிறேன். எந்த வருத்தம் வந்தாலும், அம்மாள் வந்தாலும், இதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல், கொப்பளம், சத்தி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வருவேன். வேப்பிலை வைக்கலாம்.'

கடைசி இரண்டு சொல்லும் திரேசம்மாவின் நிபந்தனை. அது இல்லாவிட்டால் அட்டை வீட்டுக்குள் வராது என்றுவிட்டார். எழுதியதும் அதை வாங்கி, பிலோமினா கழுத்தில் போடுகிற உத்தரியத்தோடு ஒரு துணிப்பையில் வைத்துத் தைத்தார். அதன் பிறகு அந்தக் குளிசை எடுத்த எல்லோருக்கும் அதே அட்டையை எழுதினேன். என் காலத்தில் அப்படிச் சரிந்து வந்தவர் வேறு ஒருவரும் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இதை எழுதி முடித்த பிறகு, அந்த வார்டுக்குப் பொறுப்பானவளை அழைத்தேன்.

"அந்த அட்டைக்கார அம்மா ஆர்? இப்ப எப்பிடி?"

"பிலோமினா எண்டு பேர், அக்கா. சுகம், நேற்று வீட்டை போயிற்றா. ஆனா எங்களைப் படுத்தினபாடு! கட்டில்ல ஏறுமுன்னம் அட்டையை எங்கட சின்ன மிசியின்ர கையில குடுத்து வாசிக்கச் சொன்னவா. அவள் வாசிச்சிட்டு 'சரி அம்மா' எண்டு திருப்பிக் குடுத்தாள். அம்மா வாங்கேல்லை."

"ஏனாம்?"

"'சரியெண்டு தலையாட்டினது போதாது, மிசி. இப்ப திருப்பிச் சொல்லுங்கோ' எண்டவா."